கண் படாத பேச்சு

லிஃப்ட் வருவதற்குள் உலகேஸ்வரிக்கு வரிசையாகச் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தோமா, பிள்ளைக்குப் பொட்டு வைத்தோமா, கடைசியாக எந்தப் பக்கம் பால் கொடுத்தோம். அடுப்பு அணைந்துதான் இருக்கும், பற்ற வைத்த ஞாபகமே இல்லையே. பொட்டு இருக்கிறது, ஆனால் கன்னத்தில் வைத்த மை மூக்கு வரைக்கும் ஈஷிக்கொண்டு, தோளில் கிடக்கும் மகிழன் அடுப்புக்கரிக்குள் தலையை விட்டு எடுத்தவன் மாதிரி இருக்கிறான். பக்கம்தான் தெரியவில்லை. அதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள், தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டைக் கை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வது என்று. இப்போது அது இடது மணிக்கட்டில் இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம், அது கொடுத்து முடித்த பக்கமா, இனிமேல் கொடுக்க வேண்டிய பக்கமா என்பது ஏற்பாடு செய்த அன்றைக்கே மறந்து போயிற்று. கல்லூரியில் புள்ளியியல் படித்து மெடல் வாங்கிய மூளை இது. நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது, இரண்டையும் உள்ளே தள்ளி, ஒன்றுமே நடக்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறினாள். ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே போகும்போது வயிறு கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டு அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தது பிள்ளைக்கு வலிக்குமோ என்று தளர்த்தினாள். தளர்த்தியதும் பயம் வந்து மறுபடி இறுக்கினாள். இப்படியே தரைத்தளம் வந்துவிட்டது.

சனிக்கிழமை வரைக்கும் அம்மா இருந்தாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அம்மா தென்காசிக்குப் போகாமல் முடியாது. பையை அடுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள். "ஏட்டி உலகு, கீழ அந்தப் பொம்பளைய கூட்டம் போடுதாளுவன்னு சொன்னியே, போ, போயிட்டு வா, வேண்டாங்கல. ஆனா பிள்ள நல்லா குடிக்கான், நல்லா உறங்குதான்னு மட்டும் வாய விட்டுராத, கேட்டியா? எவ கண்ணு எப்படி இருக்கும்னு யாரு கண்டா. கேட்டா, எங்க, ஒரு வாய் இறங்க மாட்டேங்கு, கண்ண மூட மாட்டேங்கான்னு சொல்லு." உலகேஸ்வரி சரி சரி என்று தலையாட்டினாள். வேறு ஒன்றைச் சொல்ல நினைத்து, வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிக்கொண்டே தலையாட்டினாள். அம்மா, போகாத. அதுதான் சொல்ல வந்தது. போகாத, நீ பக்கத்தில் படுத்திருந்தால்தான் என் கை என் கையாக இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது. சொன்னால் அம்மா உப்பையும் மிளகாயையும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி அடித்தால் ஒன்றும் இல்லை, நெடி அடிக்காவிட்டால் கண் பட்டிருக்கிறது. நெடி அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

அப்புறம் பால்கனி இருக்கிறது. வீடு வாங்கும்போது புருஷன் பூபதி ஆசைப்பட்டது அந்தப் பால்கனிக்குத்தான், தூரத்தில் சதுப்பு நிலமும் கொக்கும் தெரியும், காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடப் போனவள், கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றபோது, கை தளர்ந்தால், என்று ஒரு எண்ணம், யாரோ காதில் சொன்னது மாதிரி. அவ்வளவுதான். கை தளரவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டுகூட இருந்தான். ஆனால் அந்த எண்ணம் வந்த வழியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுவிட்டது, நினைத்த நேரமெல்லாம் வருகிறது. நான் அப்படிப்பட்டவளா. இல்லை. அப்படியானால் ஏன் வருகிறது. வருகிறது என்றால் உள்ளே எங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். இல்லை, இவன் தும்மினாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறதே, எனக்கா அப்படி. எனக்குத்தான். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை கயிறு அறுந்த வாளியாக உள்ளே விழுந்துவிடும், எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அம்மா ரயிலேறிய அன்றைக்கே உலகேஸ்வரி பால்கனிக் கதவைப் பூட்டினாள், சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். பூபதி கேட்டதற்கு, பால்கனியில் புறா குஞ்சு பொரித்திருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்றாள். பாவம், அவனும் மனசு இளகி, நல்லது நல்லது என்று சொல்லிவிட்டு ஈரத் துணியை நாற்காலி முதுகுகளில் போட்டான். நேற்று அவன் வீட்டில் இருந்தான், ஒன்றும் தெரியவில்லை. இன்று திங்கட்கிழமை. ஆபீஸ் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் மக்கிய துணி வாசனையும், அவளும், பிள்ளையும். உலை வைக்கலாம் என்று அரிசி அளந்தாள், ஆழாக்கோடு சாவி வந்தது. ஒளித்து வைத்தவளே ஒளித்த இடத்தில் கைவிட்டால் வராமல் என்ன செய்யும். யாரிடமிருந்து ஒளித்தாளோ அவள்தானே இந்த வீட்டில் சோறு பொங்குகிறவள். சாவியை வீட்டில் எங்கே வைத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. டயப்பர் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். உலை வைத்தாளா? அடுப்பு பற்ற வைக்கவில்லை, ஆம், அதனால்தான் பற்ற வைத்த ஞாபகம் இல்லை.

கூட்டம் என்றால் இது முதல் கூட்டமும் அல்ல. வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு நடந்தது, ஒரு அம்மா பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவது, எப்படி ஏப்பம் விட வைப்பது என்று சொல்லித்தந்தாள். உலகேஸ்வரி அதில் கெட்டிக்காரி, பொம்மை அவள் கையில் சொன்னபடி கேட்டது. பக்கத்துப் பெண் பொம்மையைக் கீழே போட்டுவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. அப்புறம் வாட்ஸப்பில் தாய்மார் குரூப், யாரோ சேர்த்துவிட்டது, யாரென்று தெரியாது. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், எனக்குப் பயமா இருக்கு, என்று எழுதிப் போட்டாள். வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன. ஒருத்தி, சுத்திப் போடுங்க சிஸ், சரியாயிடும் என்றாள். இன்னொருத்தி எங்கள் வீட்டுத் தொட்டில் விற்பனைக்கு, ஒரு கீறல்கூட இல்லை என்று படம் போட்டாள். தொட்டிலுக்கு அடியில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள், பயம் மேலே போய்விட்டது, யாரும் திரும்பித் தேடவில்லை. இப்போது இந்தக் குடியிருப்பிலேயே, பழைய டேபிள் டென்னிஸ் அறையில், திங்கட்கிழமை தோறும் ஒரு வயதுக்குள் குழந்தை வைத்திருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று பூபதிதான் அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். "போயேன், நாலு பேர்கிட்ட பேசினா மனசு லேசாகும்." இன்றைக்கு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் திரும்பினால் அந்த லிஃப்டில் மேலே போக வேண்டும், சாயங்காலம் வரைக்கும் மேலே இருக்க வேண்டும்.

அறையில் பாய் விரித்து, ஏ.சி. போட்டு, மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பவுடரும் பால் வாந்தியும் கலந்த வாசனை, அவள் வீட்டு வாசனைதான், அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது. "வாங்க வாங்க, சி பிளாக்தானே? நான் ஷர்மிளா, இந்தக் கச்சேரியை ஆரம்பிச்சது நான்தான்" என்றாள் சத்தமாகப் பேசுகிற ஒருத்தி. அவள் மடியில் ஒரு பெண் குழந்தை, நெற்றியில் காலணா அளவுக்கு மைப்பொட்டு. "இது லாவண்யா, இது நஸ்ரின். உக்காருங்க, வெள்ளரிக்கா எடுத்துக்குங்க. எங்க வீட்டுக்காரர் நறுக்கினது. எங்க வீட்டுல கத்தி அவர் டிபார்ட்மென்ட், நான் தொடுறதே இல்ல." "குடுத்து வச்சவங்க" என்றாள் லாவண்யா, பெருமூச்சோடு. ஒரே அளவில், ஒழுங்காக, தோல் சீவிய துண்டுகள். இப்படிக் காய் நறுக்கித்தர ஒரு புருஷன் இருந்தால், என்று உலகேஸ்வரிக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, பூபதி துணி போட்டானே என்று உடனே அவனுக்காக வருத்தமும் வந்தது. வெள்ளரித் துண்டை வாயில் போட்டாள். மெல்லுவதா முழுங்குவதா என்று பல்லுக்கே யோசனை.

"ராத்திரி தூங்கவே மாட்டேங்குறாங்க இவ, கொன்னு எடுக்குறா" என்றாள் நஸ்ரின். உலகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, அப்பாடா, நம்மைப் போல ஒருத்தி. "இவன் மட்டும் என்ன, ஒரு வாய் இறங்கல, எலும்பும் தோலுமா போயிட்டான்" என்றாள் லாவண்யா. அப்பாடா, இன்னொருத்தி. அப்புறம்தான் குழந்தைகளைப் பார்த்தாள். எலும்பும் தோலுமான பையனுக்கு மணிக்கட்டில் மடிப்பு விழுந்து, வெள்ளி அரைஞாண் வயிற்றுச் சதைக்குள் புதைந்திருந்தது. தூங்கவே தூங்காத பெண் வாயைத் திறந்தபடி நஸ்ரின் மடியில் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். புரிந்துவிட்டது. ஊருக்கு ஊர் அம்மாக்கள் பையை அடுக்கும்போது ஒரே பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறையில் நல்லதெல்லாம் சொல்லக் கூடாது, கெட்டதெல்லாம் சொன்னால் நம்பக் கூடாது. இது வழக்கம், அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் இப்போது தலை கிறுகிறுத்தது. இதற்குள் உண்மையாகக் கஷ்டப்படுகிறவள் எதைச் சொல்லி நம்ப வைப்பாள். நஸ்ரின் கண்ணுக்குக் கீழே கறுப்பு இருக்கிறதே, அது நிஜமா, கண்மை கரைந்ததா. "உங்க பையன் எப்படி?" என்று கேட்டார்கள். "எங்க, ஒரு வாய் இறங்க மாட்டேங்கு, கண்ண மூட மாட்டேங்கான்" என்றாள், அம்மா சொன்னபடி, ஒரு எழுத்துப் பிசகாமல். எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

"அம்மா கூட இருக்காங்களா?" என்றாள் லாவண்யா. "ஊருக்குப் போயிட்டாங்க." "அச்சச்சோ, தனியாவா சமாளிக்கிறீங்க?" இதுதான் இடம், இப்போதே சொல்லு, சொல்லுட்டி. சொன்னாள். "இவன்கூடத் தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு." பிறகு ஷர்மிளாதான் முதலில் சிரித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "பாத்தீங்களா, நாமெல்லாம் தூங்கல, சாப்பிடலன்னு சின்னதா சொல்லிட்டிருக்கோம். இவங்க ஊர்ல ஒரே போடா போடுறாங்க! இப்படிச் சொன்னா எந்தக் கண்ணு கிட்ட வரும்?" உலகேஸ்வரியும் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை, கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் வாய் தானாகக் கோணிக்கொள்கிறது. சிரித்த கையோடு ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்தது. ஒருவேளை நான் சொன்னதும் கண்ணேறுக்காகத்தானோ. பிள்ளை மேல் எனக்கு இருக்கிற ஆசையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நானே எனக்குள் இப்படி ஒரு பயத்தைப் பொட்டாக வைத்துக்கொண்டேனோ. அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் சாவியைக் கதவிலேயே போட்டுவிடலாம், துணியைக் காயப்போடலாம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொக்கு காட்டலாம். கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று. கொக்கு பார், கொக்கு பார் என்று. பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். இல்லை, பொட்டு இல்லை இது.

மகிழன் அந்த நேரம் பார்த்துப் பாலைக் கக்கினான். நஸ்ரின் எட்டி உலகேஸ்வரியின் பையில் துணி எடுக்கக் கைவிட்டாள், துணியோடு சாவி வந்து பாயில் விழுந்தது, கூடவே நாலைந்து அரிசி. நஸ்ரின் அரிசியை விரலால் தள்ளிப் பார்த்தாள். "இது என்ன, அரிசியும் சாவியும்?" "அடடே" என்றாள் ஷர்மிளா, "இதுவும் திருஷ்டிக்கா? எங்க பக்கம் மிளகா, படிகாரம். இரும்பும் அரிசியுமா வைப்பாங்க உங்க பக்கம்?" மறுபடி சிரிப்பு, கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதுதான் உலகேஸ்வரிக்குத் தாங்க முடியவில்லை. வாயால் சொன்னதும் திருஷ்டியாகிவிட்டது, சாவியே வந்து விழுந்ததும் திருஷ்டியாகிவிட்டது. இனி என்ன சொன்னாலும் இந்தப் பாயில் அது கறுப்புப் பொட்டுதான். எதைச் சொன்னால் நம்புவார்கள், எதை ஒருத்தியும் பொய்யாகச் சொல்ல மாட்டாள், என்று அலைந்த புத்தி, சுற்றிச் சுற்றி, ஒரே ஒரு இடத்தில் போய் முட்டியது. அம்மாவின் முகம் வந்தது, வாய விட்டுராத. அம்மா, மன்னிச்சுக்கோ.

"இவன் நல்லா குடிக்கான்" என்றாள் உலகேஸ்வரி.

சிரிப்பு நின்றது. "ஏங்க..." என்றாள் லாவண்யா. "நல்லா குடிக்கான். நல்லா உறங்குதான். போன தடவை எடை பார்த்துட்டு டாக்டரே அசந்துட்டார். சளி இல்ல, காய்ச்சல் இல்ல. என்னப் பார்த்தா சிரிக்கான், வேற யாரப் பார்த்தும் அப்படிச் சிரிக்க மாட்டான்." "ஐயோ, வேணாங்க, பிள்ளைக்கு ஆகாது" என்று லாவண்யா அவள் கையைப் பிடித்தாள். நஸ்ரின் தன் மகளை அறியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உலகேஸ்வரி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது. "அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவன் நல்லா இருக்கான். எனக்குத்தான் சரியில்ல. அது எங்க வீட்டு பால்கனி சாவி. கதவு தொறந்திருந்தா நான் என்ன செஞ்சிருவேனோன்னு அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சேன். காலைல அது என் கையிலயே வந்துட்டு. இன்னைக்கு வீட்டுல யாரும் இல்ல."

யாரும் கும்பிடவில்லை, யாரும் மிளகாய் பேச்சு எடுக்கவில்லை. ஷர்மிளா வெள்ளரி டப்பாவை மூடினாள், மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு மூன்று தரம் அழுத்தினாள். அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள், இப்போது மெதுவாக, "எங்க வீட்டுல கத்தி ஏன் அவர்கிட்ட இருக்குன்னு நெனச்சீங்க?" என்றாள். லாவண்யா பேந்தப் பேந்த விழித்தாள். "நீங்க சொல்லவே இல்லையே, ஷர்மி." "சொன்னேனே. இந்தப் பாயில உக்காந்து எத்தன தடவ சொல்லியிருக்கேன், நான் கத்தியத் தொடுறதில்லன்னு. குடுத்து வச்சவன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு நானும் சிரிச்சேன். இப்ப இவங்க சொன்னதுக்கும் நான்தானே மொதல்ல சிரிச்சேன்." உலகேஸ்வரி பக்கம் திரும்பினாள். "நெனப்பு வர்றதால நீங்க செஞ்சுடுவீங்கன்னு அர்த்தம் இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. நம்பவே மாசமாச்சு எனக்கு. நாளைக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன், நானே வர்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட புறா கிறான்னு எதுவும் சொல்லி வச்சிருக்கீங்களா?" உலகேஸ்வரி தலையாட்டினாள். எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. "நான் எலின்னேன், கத்தி மேல எலி ஓடுது, நீங்களே எடுத்து வச்சுக்குங்கன்னேன்" என்றாள் ஷர்மிளா. "அவருக்கு ஒரு ஃபோன் போடுங்க. சாயங்காலம் வரட்டும்னு விடாதீங்க, இப்பவே." பூபதி, என்ன, என்னாச்சு, இதோ கெளம்புறேன் என்று பதறியது ஃபோனுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டது. மகிழன் பசித்து அழ ஆரம்பித்தான். உலகேஸ்வரி இரண்டு மணிக்கட்டையும் பார்த்தாள், ரப்பர் பேண்ட் எதிலும் இல்லை, எங்கே விழுந்ததோ. நஸ்ரின் தன் சால்வையை அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். "எந்தப் பக்கமா இருந்தா என்ன, குடுங்க."

பிறகு எல்லோருமாக ஒன்பதாவது மாடிக்கு வந்தார்கள், ஒரே லிஃப்டில், அத்தனை குழந்தைகளோடும் நெருக்கியடித்துக்கொண்டு. உலகேஸ்வரி நடு ஹாலில் சோபாவில் உட்கார்ந்தாள், இரண்டு பக்கமும் ஆள். ஷர்மிளா கதவைத் திறந்து பால்கனிக்குப் போனபோது காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்தக் குரல் வந்தது, கை தளர்ந்தால், என்று. வந்தது, போகவில்லை, ஆனால் பக்கத்தில் லாவண்யா உட்கார்ந்து கீரை விலை பேசிக்கொண்டிருந்ததால் அதற்குக் கொஞ்சம் இடநெருக்கடியாக இருந்தது. நாற்காலித் துணிகளை எல்லாம் ஷர்மிளா உதறி உதறிக் கொடியில் போட்டு முடித்தாள், உள்ளே வந்தாள், கதவைப் பூட்டினாள். சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். உலகேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வெளியே, சாவி ஷர்மிளாவிடம், இது சரியா தப்பா என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

"அப்போ துணிய எப்படி எடுக்குறது?" என்றாள்.

"சாயங்காலம் காஞ்சதும் நான்தான் வந்து எடுக்கணும்" என்றாள் ஷர்மிளா. "மழ வந்தா அதுக்கு முன்னாடியே வந்தாகணும்."